காணாக்கடி: கடித்தது யார்?

கள்ளக்குறிச்சிப் பக்கமாகட்டும், தமிழ்நாட்டில் வேறு எந்தக் கிராமமாகட்டும், நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கி அரிப்பெடுத்தால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர் ஒன்றுதான்: காணாக்கடி. அதாவது, கண்ணில் படாமல் ஏதோ ஒன்று கடித்துவிட்டுப் போய்விட்டது. பூரானா, வண்டா, எட்டுக்கால் பூச்சியா, யாருக்கும் தெரியாது. பல்தடம் இருக்காது. ஆனால் தோலைப் பார்த்தால் எதுவோ கடித்த மாதிரியேதான் இருக்கும்.

படித்தவர்கள் இதை அலர்ஜி என்பார்கள். டாக்டர் சீட்டில் அர்ட்டிகேரியா என்று எழுதுவார். இந்த மூன்று பெயர்களில், நோய்க்கான காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவது காணாக்கடிதான். எதிரி ஒருவன் இருக்கிறான், அவன் வெளியிலிருந்து வந்தான் என்கிறது அந்தப் பெயர். இது எவ்வளவு தூரம் சரி என்று சொல்ல மருத்துவ உலகத்துக்கு 200 வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதைதான் இது.

முதலில் கிராமத்து வைத்தியத்தைப் பார்த்துவிடலாம். காணாக்கடி என்றால் வேப்பிலையால் மந்திரிப்பது, பாடம் போடுவது, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பது, அருகம்புல் சாறு என்று பல முறைகள் உண்டு. கூடவே பத்தியம். கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சரியாகியும் விடும். காரணம் எளிது. இந்தத் தடிப்பு ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்குள் தானாகவே மறையக் கூடியது. ஒரு இடத்தில் அமுங்கி இன்னொரு இடத்தில் கிளம்பும், அவ்வளவுதான். ஆக, மந்திரித்தாலும் போகும், மந்திரிக்காவிட்டாலும் போகும். பெயர் மட்டும் மந்திரித்தவருக்கு!

ஆனால் பத்தியத்தை அப்படிச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைச் சரியாகப் பதப்படுத்தாமல் விட்டால் கிருமிகள் அந்த மீனிலேயே ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். பிறகு சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடித்து, அரிக்கும். கத்திரிக்காய் விஷயத்திலும் விஞ்ஞானிகள் ஆர்வம் காட்டியிருக்கிறார்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கத்திரிக்காய் ஒவ்வாமை பற்றிச் செய்த ஆய்வு 2008ல் வெளிவந்தது. பாட்டிகள் சொன்னது எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் ஆதாரமே இல்லாமல் சொல்லவில்லை.

மற்ற நாட்டுக்காரர்களும் இதே மாதிரி ஒரு வெளி ஆளைத்தான் தேடினார்கள். ஆயுர்வேத நூலான மாதவநிதானம் இதற்கு சீதபித்தம் என்று பெயர் வைத்து, குளிர்ந்த காற்று பட்டதால் வருவதாகச் சொன்னது. சீனர்களும் காற்றின் மேல்தான் பழி போட்டார்கள். அர்ட்டிகேரியா என்ற பெயரை 1769ல் கொடுத்தவர் ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் கல்லன். அர்ட்டிகா என்றால் லத்தீனில் ஒரு சொறிச்செடி. தொட்டால் தடித்து அரிக்கும். நம் ஊர் செந்தட்டியைப் போல என்று வைத்துக் கொள்ளலாம் (இரண்டும் வேறு வேறு குடும்பம், ஆனால் வேலை ஒன்றுதான்).

செந்தட்டியைச் சொன்னால் கல்வராயன் மலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்). எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய பெரிய தொகுப்பிலும் இவர்களைப் பற்றி வருகிறது. கடுக்காய், தேன், புளி என்று காட்டுப் பொருளை நம்பியும், சாமை, மரவள்ளி விளைவித்தும் வாழ்பவர்கள். இப்படிப்பட்ட காடுகளில் நடமாடுகிறவர்களுக்கு அரிப்பைக் கொடுப்பது எது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. செந்தட்டி எது, பூனைக்காலி எது, கம்பளிப்பூச்சி மயிர் பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அத்துப்படி. அவர்களைப் பொறுத்தவரை இதெல்லாம் 'கண்ட கடி'. ஆள் தெரியும், காரணம் தெரியும். எதுவுமே படாமல் வருவதுதான் காணாக்கடி.

இந்தச் சொறிச்செடிகளுக்குள் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. ஐரோப்பாவின் சொறிச்செடி மயிருக்குள் என்ன இருக்கிறது என்று எம்மெலின், ஃபெல்ட்பர்க் என்ற இருவர் 1947ல் ஆராய்ந்தார்கள். கிடைத்த பொருட்களில் ஒன்று ஹிஸ்டமின். செடி ஒரு குட்டி ஊசி மாதிரி அதைத் தோலுக்குள் ஏற்றுகிறது. பூனைக்காலி அப்படியல்ல. அதன் காய் மேலிருக்கும் மயிரில் மியூகுனெய்ன் என்ற நொதிப் புரதம் இருப்பதாக 1955ல் ஷெல்லி, ஆர்தர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். இது வேறு வழியில் அரிப்பைக் கிளப்புவது. அதனால் ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரை போட்டாலும் பூனைக்காலி அரிப்பு பெரிதாக அடங்காது. (பள்ளிக்கூடத்தில் நண்பன் சட்டைக்குள் பூனைக்காலி மயிரைப் போட்ட வீரர்கள் இதைக் கவனிக்க!)

சரி, எந்தச் செடியும் படாமல் வரும் தடிப்புக்கு யார் காரணம்?

1878ல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் ஒரு விதமான செல்லைப் பற்றி எழுதினார். சாயம் போட்டுப் பார்த்தால் உள்ளே மணி மணியாகத் துகள்கள். நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று நினைத்து மாஸ்ட் செல் என்று பெயர் வைத்தார். அந்த மணிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 1910ல் லண்டனில் ஹென்றி டேல், லெய்ட்லா இருவரும் ஹிஸ்டமினை விலங்குகளுக்குச் செலுத்தி, ரத்தக் குழாய்கள் விரிவதையும் ரத்த அழுத்தம் இறங்குவதையும் கண்டார்கள். பிறகு தாமஸ் லூயிஸ், தோலை அழுத்திக் கோடு கிழித்தால் முதலில் சிவப்புக் கோடு, பிறகு சுற்றிலும் சிவப்பு, கடைசியில் வீக்கம் என்று மூன்று படியாக நடப்பதை விளக்கி, தோலே ஹிஸ்டமின் போன்ற ஒரு பொருளை வெளியிடுகிறது என்று 1927ல் வந்த தன் நூலில் எழுதினார். அந்தப் பொருள் மாஸ்ட் செல்லுக்குள் இருக்கிறது என்பதை ரைலியும் வெஸ்ட்டும் 1953ல் காட்டினார்கள். எர்லிக் பார்த்த மணிகளுக்கு விடை கிடைக்க 75 வருஷம்!

துப்பாக்கி எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் சுடச் சொல்வது யார்? இங்கேதான் இந்த வரலாற்றின் மிக நல்ல காட்சி வருகிறது.

1921, ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரம். ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற மகப்பேறு மருத்துவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. சமைத்த மீன் கொஞ்சம் தின்றாலும் அரித்துத் தடிக்கும். கார்ல் பிராவ்ஸ்னிட்ஸ் என்ற அவருடைய சக ஆய்வாளருக்கு மீன் எந்தத் தொந்தரவும் செய்யாது. க்யூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து ஊனீரை எடுத்து, பிராவ்ஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். அடுத்த நாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஊசியால் போட்டார்கள். சில நிமிஷத்தில் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. வேறு எங்கும் இல்லை. மீன் ஒவ்வாமை என்பது மீனில் இல்லை, க்யூஸ்ட்னரின் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றில் இருக்கிறது, அதை இன்னொருவருக்கு மாற்றவும் முடியும் என்று இரண்டே மனிதர்களை வைத்து நிரூபித்துவிட்டார்கள். (இன்று இப்படி ஊனீரை மாற்றி ஏற்ற யாரும் அனுமதிக்க மாட்டார்கள், ரத்தத்தின் வழியே பரவும் நோய்களுக்குப் பயந்து.) யூத வம்சாவளி காரணமாக ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய பிராவ்ஸ்னிட்ஸ், இங்கிலாந்தின் வைட் தீவில் சாதாரண டாக்டராக வேலை பார்த்தார் என்பது கொசுறுத் தகவல்.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று தெரிய மேலும் 45 வருஷம் ஆனது. 1966ல் அமெரிக்காவின் டென்வரில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஒரு புதிய வகை எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அதே சமயம் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனியாக அதையே கண்டார்கள். 1968ல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஐஜிஇ என்று பெயர் சூட்டியது. இது மாஸ்ட் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தனக்குப் பழக்கமான மீனோ, நிலக்கடலையோ, பென்சிலினோ, குளவி விஷமோ வந்தவுடன் செல் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். வெளியாள் கதவைத் தட்டியது உண்மைதான். ஆனால் கடித்தது உள்வீட்டு ஆள்.

இதெல்லாம் முழுசாகத் தெரிவதற்கு முன்பே மாத்திரை வந்துவிட்டது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே, ஆன்-மரி ஸ்டாப் இருவரும் 1937ல் முதல் ஆன்டிஹிஸ்டமினைக் கண்டார்கள். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு. 1942ல் ஆன்டர்கன் என்ற மருந்து மனிதர்களுக்கு வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ரீவ்ஷெல் 1943ல் உருவாக்கிய மருந்து 1946ல் பெனட்ரில் என்ற பெயரில் கடைக்கு வந்தது. போவேக்கு 1957ல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் இந்த வம்சத்தின் முகம் ஏவில்தான். மஞ்சள் நிற சிபிஎம் மாத்திரை இன்னொன்று. 'ஒரு ஏவில் குடுங்க' என்று சீட்டு இல்லாமலே கேட்கும் அளவுக்கு வீட்டு மருந்தாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால் இவை மூளைக்குள்ளும் போகும், தூக்கம் வரும். பகலில் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டுவதோ, கரும்பு ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதோ ஆபத்து. 1987ல் பெல்ஜியத்திலிருந்து வந்த செட்ரிசின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகளில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. இன்று டாக்டர்கள் முதலில் எழுதுவது இந்த வகையைத்தான்.

ஆனால் அரிப்பெல்லாம் ஒரே அரிப்பு இல்லை. நிமிஷத்தில் வந்து மணிக்கணக்கில் போகும் தடிப்பு ஒரு ரகம். பட்ட இடத்தில் ஒன்றிரண்டு நாள் கழித்து மெதுவாகக் கிளம்பி, கொப்பளித்து, நீர் வடிந்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து கொள்வது வேறு ரகம். இதில் ஐஜிஇக்கு வேலை இல்லை, வெள்ளை அணுக்களில் ஒரு வகை நேரடியாக இறங்கிச் சண்டை போடுகிறது. இதைக் கண்டுபிடிக்க, சந்தேகப் பொருளை முதுகில் ஒட்டி வைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனையை 1895ல் யோசஃப் யடாஸோன் அறிமுகப்படுத்தினார்.

இந்த இரண்டாம் ரகத்துக்கு இந்தியா கொடுத்த புகழ்பெற்ற உதாரணம் சேங்கொட்டை. சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை என்று சுத்தி செய்து பயன்படுத்தும் அதே கொட்டைதான். இதன் கறுப்புச் சாறு துணியில் பட்டால் எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அதனால் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அடையாளம் போட சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இதைப் பயன்படுத்தினார்கள். பில் இல்லை, டோக்கன் இல்லை, ஒரு புள்ளியும் கோடும் போதும். கணக்கு தப்பாது! இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுச் சிப்பாய்களுக்குப் பிடரியிலும் இடுப்பிலும் விநோதமான புண் வந்தது. சட்டைக் காலரிலும் கால்சட்டைப் பட்டியிலும் குறி இருந்த அதே இடம். லிவிங்குட் முதலிய அமெரிக்க ராணுவ டாக்டர்கள் இதை 1943ல் மருத்துவ இதழில் எழுதி, 'டோபி குறி' தோல் அழற்சி என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கர்களை இது சுலபமாகப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் ஊரில் உள்ள விஷப்படர்கொடியும் சேங்கொட்டையும் ஒரே குடும்பம். முன்பே உடம்பு அந்தச் சாற்றோடு பகை வளர்த்து வைத்திருந்தது.

முந்திரியும் மாவும் அதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்ட வாயோரம் வெந்து போவது இதனால்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் விரல்களைப் பார்க்கலாம். ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்து உரிந்திருக்கும். சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொண்டு வேலை செய்வதுண்டு. முந்திரிப் பருப்பின் விலை தெரிந்த அளவுக்கு இந்த விரல்களின் கதை வெளியே தெரிவதில்லை.

அடுத்த எதிரி கப்பலில் வந்தது. பார்த்தீனியம். வெள்ளைப் பூ பூத்து, கேரட் இலை மாதிரி இலை விட்டு, கள்ளக்குறிச்சியின் சாலையோரம், வரப்பு, காலி மனை என்று எங்கும் நிற்கும் அதே செடி. மெக்சிகோ வளைகுடாப் பகுதிதான் இதன் பூர்வீகம். புனேயில் 1955ல் எடுத்த மாதிரியை வைத்து ஆர்.எஸ். ராவ் என்ற தாவரவியலாளர் 1956ல் இதை இந்தியாவுக்குப் புதிய செடி என்று பதிவு செய்தார். பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கா அனுப்பிய கோதுமையோடுதான் விதை வந்தது என்பது எல்லாரும் சொல்லும் கதை. தேதியைப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. அந்தத் திட்டத்தில் இந்தியா ஒப்பந்தம் போட்டதே 1956 ஆகஸ்டில். ஆனால் 1951லேயே வேறு ஒரு சட்டத்தின் கீழ் அமெரிக்கத் தானியம் கடனாக வந்திருக்கிறது. எனவே தானியத்தோடு வந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது, பி.எல்.480 மேல் மட்டும் பழியைப் போடுவதுதான் அவசரம்.

ஒரு செடி 10 ஆயிரத்துக்கு மேல் விதை போடும். 1970களில் புனே வட்டாரத்தில் முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்த நோயாளிகள் வரிசையாக வந்தார்கள். லோங்கர், மிட்செல், கால்னன் மூவரும் 1974ல் இதற்குப் பார்த்தீனியமே காரணம் என்று எழுதினார்கள். செடியைத் தொடக்கூட வேண்டாம். காய்ந்த தூள் காற்றில் வந்து பட்டாலே போதும். களை எடுப்பவர், மாடு மேய்ப்பவர், சாலை வேலை செய்பவர் ஆகியோரைத்தான் அதிகம் தாக்கும். காணாக்கடி என்ற பெயர் எதற்காவது பொருந்தும் என்றால் இதற்குத்தான் பொருந்தும்! வேலையை விட்டால் சரியாகும், விட்டால் சோறு கிடையாது. 1975ல் கர்நாடக அரசு இதைத் தீங்கு செய்யும் களை என்று அறிவித்தது. 1984ல் மெக்சிகோவிலிருந்து இதைத் தின்னும் வண்டு ஒன்றை பெங்களூரில் விட்டார்கள். வண்டு மழைக்காலத்தில் நன்றாகத் தின்கிறது, செடி அதைவிட நன்றாக முளைக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு டெல்லி எய்ம்ஸ் தோல் மருத்துவர்கள் அசதியோபிரின் என்ற மருந்தைக் கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு முழுக்கைச் சட்டை, கையுறை, பூக்கும் முன்பே பிடுங்குவது, வீடு வந்ததும் குளிப்பது, இவைதான்.

தடிப்புக்கே திரும்பலாம். ஆறு வாரத்துக்கு மேல் விடாமல் வந்து போகும் தடிப்புக்கு எந்த உணவும் எந்தச் செடியும் காரணமாகக் கிடைப்பதில்லை. இந்த நோயாளிகள்தான் ஒவ்வொரு காயாக ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் வெறும் ரசம் சாதத்தில் வந்து நிற்பவர்கள். 1993ல் கிரீவ்ஸ் குழுவினர் லண்டனில் இவர்களில் சிலருடைய ரத்தத்தில், தன் சொந்த மாஸ்ட் செல்லையே தூண்டிவிடும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினார்கள். கதவைத் தட்டவே யாரும் வரவில்லை! 2014ல் ஐஜிஇயைப் பிடித்து வைக்கும் ஒமலிசுமாப் ஊசி இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. நல்லவேளையாக, செட்ரிசின் வகை மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில் தினமும் எடுத்தாலே பலருக்குக் கட்டுப்படும்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. தடிப்போடு உதடு, நாக்கு வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, வாந்தி, தலைசுற்றி விழுவது. 1902ல் ஷார்ல் ரிஷே, போர்ட்டியே இருவரும் அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். ரிஷேக்கு 1913ல் நோபல் கிடைத்தது. தேனீயோ குளவியோ கொட்டி, அது ஒத்துக்கொள்ளாத ஆளாக இருந்தால் நிமிஷக் கணக்கில் உயிர் போகலாம். ஏவில் இதற்குப் போதாது, வேலை செய்யவே நேரமாகும். அட்ரினலினைத் தொடைத் தசையில் ஊசியாகப் போட வேண்டும். 1901 வாக்கில் தகாமினே பிரித்தெடுத்த பழைய மருந்து, விலை மிகக் குறைவு.

விலை குறைவு, ஆனால் மருந்து இருக்கும் இடம்தான் தூரம். கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையிலிருந்து முழுமையாக அரசு நிர்வாகத்துக்கு வந்ததே 1976ல். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில், சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். 2024ல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோதும் பேச்சு சாலை, மருத்துவம் என்றுதான் போனது. அதனால் மலையில் குளவி கொட்டியவரை முதலில் எடுத்துப் போக வேண்டிய இடம் வெள்ளிமலை மாதிரி மலைமேலேயே உள்ள அரசு மருத்துவமனையோ ஆரம்ப சுகாதார நிலையமோதான். வழியில் அவரை உட்கார வைக்காமல் படுக்க வைத்து, காலைச் சற்றுத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சு திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம். மந்திரிப்பதை ஊசி போட்ட பிறகு வைத்துக் கொள்ளலாம், அதற்கு எந்த டாக்டரும் தடை சொல்வதில்லை.